நோயாளியின் மொழியில் மருத்துவக் கல்வி: சாமுவேல் பிஸ்க் கிறீனின் வாழ்வும் உடற்பரிசோதனைப் பயிற்சியும்

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). தமிழ் ஆய்வுலகம் அவரைப் பெரிதும் மொழிபெயர்ப்பாளராகவும் கலைச்சொல் முன்னோடியாகவுமே அறிந்திருக்கிறது. அவருடைய வாழ்வை உடற்பரிசோதனைப் பயிற்சி என்னும் நோக்கில் இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. கிறீனின் நூல்களுக்கு முன்னரே அவருடைய வகுப்பு தோன்றிவிட்டது. நோயாளியைக் கண்டும் தொட்டும் கேட்டும் நோயறியக் கற்கும் மாணவரின் தேவையே அந்நூல்கள் வெளிவந்த வரிசையையும் அவற்றின் சொல்லாட்சியையும் பெரிதும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாய், உடற்பரிசோதனை, எண்வகைத் தேர்வு, தமிழ்வழி மருத்துவக் கல்வி, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

நோயாளி ஒருவரின் உடலைப் பரிசோதித்து நோயை ஊகித்தறியும் ஆற்றல், மருத்துவ மாணவரும் செவிலிய மாணவரும் முதலில் பெறவேண்டிய அடிப்படைத் திறனாகும். பார்த்தல், தொட்டறிதல், தட்டியறிதல், கேட்டறிதல் என நான்கு நிலைகளாக இன்று இது கற்பிக்கப்படுகிறது. இந்நான்கிற்கும் முன்னதாக நோயாளியின் வாய்மொழியைக் கேட்டு வரலாறு பெறுதல் அமைகிறது. கருவிகள் பெருகிய இக்காலத்திலும் எந்தச் சோதனை தேவை என்பதை முடிவுசெய்ய இத்திறனே துணைசெய்கிறது.

இத்திறனுக்கு மொழியோடு நெருங்கிய தொடர்பு உண்டு. நோயாளி தம் நோவைத் தாய்மொழியிலேயே சொல்கிறார். குத்து, கடுப்பு, எரிவு, உளைவு, திமிர், விறைப்பு என்பன ஒரே பொருளைச் சுட்டும் பல சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு உணர்வைச் சுட்டுவது. அவற்றை வேறுபடுத்திக் கேட்கத் தெரியாத மாணவர், விரல்களுக்கு எவ்வளவு பயிற்சி பெற்றிருந்தாலும் பாதி நோயை அறியாமலே விட்டுவிடுவார். இவ்வுண்மையைத் தம் கல்விமுறையின் அடித்தளமாக அமைத்துக்கொண்டவர் கிறீன்.

பிறப்பும் கல்வியும்

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஊஸ்டர் நகரை அடுத்த கிறீன்ஹில் என்னும் குடும்ப நிலத்தில் பிறந்தார். தமிழ் உரைநடைக்குப் புதுவழி வகுத்த யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே ஆண்டில்தான். சமயத்தால் எதிரெதிர் நிலையில் நின்ற இவ்விருவரும், கல்வி தமிழில் வழங்கப்பெற வேண்டும் என்ற ஒன்றில் தத்தம் வழியே உழைத்தனர்.

கிறீனின் தந்தையார் வழக்கறிஞர். பதினொரு பிள்ளைகள் கொண்ட பெருங்குடும்பம் அது. அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயார்க் நகரின் மத்தியப் பூங்கா உருவாக்கத்திலும், பல பகுதிகள் இணைந்து பெருநகரமாக விரிந்ததிலும் முன்னின்று உழைத்தவர். தம்பியார் மருத்துவத்தைத் தேர்ந்தார். நியூயார்க்கிலுள்ள மருத்துவர், அறுவை மருத்துவர் கல்லூரியில் பயின்று 1845இல் பட்டம் பெற்றார்.

கிறீன் பயின்ற காலம் உடற்பரிசோதனை வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. வியன்னாவில் பணியாற்றிய ஔவன்புருக்கர், மார்பை விரலால் தட்டி எழும் ஓசையைக் கொண்டு உள்ளுறுப்பின் நிலையை அறியும் முறையை 1761இல் வெளியிட்டார். நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தாத அந்நூலை 1808இல் கோர்விசார் பிரெஞ்சில் பெயர்த்த பின்னரே மருத்துவ உலகம் அதனை ஏற்றது. 1816இல் லேனெக் இதயத்துடிப்பு மானியைக் கண்டறிந்து 1819இல் அதுபற்றிய நூலை வெளியிட்டார். அது அப்போது ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்கும் மரக்குழலாக இருந்தது. இரு காதுகளிலும் பொருத்தும் கருவியை நியூயார்க்கில் கம்மான் என்பவர் செப்பனிட்டது 1852இல்தான். உடல்வெப்பத்தை அளந்து எழுதும் வழக்கத்தை உந்திய வுண்டர்லிக்கின் நூல் 1868இல் வெளிவந்தது. ஆகவே, கிறீன் யாழ்ப்பாணம் புறப்பட்டபோது கண், கை, காது ஆகியவற்றின் துணையே மருத்துவருக்கு முதன்மையானது; மரக்குழல் ஒன்றே புதிய கருவி.

அறியவேண்டிய மற்றொன்று, இம்முறைகளின் வரலாற்றில் மொழிபெயர்ப்பு வகித்த இடமாகும். ஔவன்புருக்கரின் இலத்தீன் நூல் பிரெஞ்சுக்கு வந்ததனால்தான் தட்டியறிதல் பரவியது. ஒரு பரிசோதனை முறை பயிலப்பெறும் முறையாக மாறுவதற்கு, கற்போரின் மொழிக்கு அது வந்துசேர வேண்டியிருந்தது. மானிப்பாயில் பின்னர் நிகழ்ந்ததும் இவ்வகைப்பட்டதே.

யாழ்ப்பாண வருகை

1847 ஏப்ரலில் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறிய கிறீன், அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அமெரிக்க இலங்கை மிசன் யாழ்ப்பாணத்தில் வேரூன்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் முதல் மருத்துவரான ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் பணியாற்றியவர். பின்னாளில் வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் பாட்டனார். அவரை அடுத்து நேதன் வார்டு வட்டுக்கோட்டையில் மருத்துவம் பார்த்தார். 1823இல் தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டைக் குருமடம், தமிழோடு ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்பித்த உயர்கல்வி நிலையமாக விளங்கியது.

வட்டுக்கோட்டையில் சிறிது காலம் தங்கிய கிறீன் 1848இல் மானிப்பாய்க்கு இடம் மாறினார். மானிப்பாய் தமிழ்ப் புலமையுலகிற்குப் புதிய பெயரன்று. சந்திரசேகர பண்டிதரின் உழைப்பில் உருவான மானிப்பாய் அகராதி 1842இல் இவ்வூரில்தான் அச்சேறியது. அச்சுக்கூடமும் அகராதியும் தமிழறிந்த எழுத்தாளரும் உள்ள ஓரூரில் மருத்துவர் ஒருவர் குடியேறியது, பின்னர் வந்த நூல்களுக்கெல்லாம் வாய்ப்பான சூழலை அமைத்தது.

மானிப்பாய் வகுப்பு

மானிப்பாயில் குடியேறிய ஆண்டிலேயே கிறீன் மருத்துவ மாணவர் சிலரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். வட்டுக்கோட்டைக் குருமடத்தின் வழியே ஆங்கிலம் அறிந்த இளைஞர் அவர்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. நோயாளிகளோ தமிழில் பேசினர். இவ்விரு மொழிகளுக்கும் நடுவே நின்று மாணவர்கள் தொழில் பயின்றனர்.

அக்கல்வி நடந்த இடம் மருந்தகமே. வருகின்ற நோயாளியை ஆசிரியர் பரிசோதிக்க, மாணவர் உடனிருந்து காண்பதும், பின்னர் தாமே பரிசோதிக்க ஆசிரியர் சரிபார்ப்பதும் அக்காலத்துத் தொழிற்பயிற்சியின் இயல்பு. மருந்து கூட்டுதல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல், அறுவைக்குப் பின் நோயாளியைக் கவனித்தல் ஆகியவற்றையும் மாணவரே செய்யவேண்டியிருந்தது. செவிலியப் பணி தனித்தொழிலாக இன்னும் உருப்பெறாத காலம் அது. புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரால் இலண்டனில் செவிலியர் பள்ளி எழுந்தது 1860இல்தான். எனவே இன்று மருத்துவருக்கும் செவிலியருக்கும் பகுக்கப்பட்டுள்ள பரிசோதனைக் கடமைகள் இரண்டும் மானிப்பாய் மாணவரிடம் ஒருங்கே அமைந்திருந்தன.

1850இல் யாழ்ப்பாண நகரில் அரசாங்க அதிபர் டைக் அவர்களின் ஆதரவில் நட்புறவுச் சங்க மருத்துவமனை தோன்றியது. இன்றைய யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையின் முன்னோடி அது. கிறீனும் அவருடைய மாணவர்களும் அதன் பணிகளில் தொடர்பு கொண்டிருந்தனர். சிற்றூர் மருந்தகத்தில் கற்றதை நகர மருத்துவமனையின் படுக்கையோரத்தில் செய்து பழகும் வாய்ப்பு இதனால் கிட்டியது.

எண்வகைத் தேர்வும் நால்வகைப் பரிசோதனையும்

கிறீனின் மாணவர்கள் பரிசோதனை என்பதையே அறியாத சமூகத்திலிருந்து வந்தவர் அல்லர். தமிழ் மருத்துவ மரபில் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வு நெடுங்காலமாக வழங்கிவந்தது. நா, நிறம், விழி என்பன பார்த்தறிதலின்பாற்படும். மலமும் மூத்திரமும் பெரும்பாலும் அவ்வாறே. பரிசமும் நாடியும் தொட்டறிதலைச் சார்ந்தவை. மொழி என்பது கேட்டறிதல்; ஆனால் நோயாளியின் குரலையும் பேச்சையும் கேட்பதேயன்றி, மார்பினுள் எழும் ஓசையைக் கேட்பதன்று.

இரு மரபுகளையும் ஒப்பிட்டால் இரண்டு வேறுபாடுகள் தெளிவாகின்றன. தட்டியறிதலும் உள்ளோசை கேட்டலும் மேலை முறைக்கே உரியவை என்பது முதலாவது. தேர்வின் வழியே பெற்ற குறிகளை விளக்கும் கோட்பாடு வேறு என்பது இரண்டாவது. சித்த மரபு குறிகளை வாதம், பித்தம், ஐயம் என்னும் முக்குற்றத்தின் ஏற்றத்தாழ்வாகக் காண்கிறது. கிறீன் கற்பித்த மருத்துவம் அவற்றைக் குறிப்பிட்ட உறுப்பின் கேடாகக் கண்டது. உறுப்பின் இடமும் வடிவும் அறியாமல் இவ்வகை விளக்கம் இயலாது. ஆகவேதான் அவருடைய கல்வியில் உடலமைப்பியல் முதலிடம் பெற்றது. கல்லீரல் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதை அறியாத மாணவருக்கு, வலது விலாவின் கீழ் தட்டும்போது ஓசை மந்தமாவது வெறும் ஓசையாகவே நின்றுவிடும்.

ஆயினும் கண்ணும் கையும் அறிகின்ற குறிகள் இரு மரபுக்கும் பொதுவானவை. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தை மீண்டும் மீண்டும் வாட்டிய வாந்திபேதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நாடி நலிந்து மறைகிறது, தோல் குளிர்ந்து, கிள்ளினால் மடிப்பு நிமிராமல் நிற்கிறது, நா வறள்கிறது, முகநிறம் கருகுகிறது, குரல் அடைக்கிறது, கண் குழிகிறது, மலம் சோறு வடித்த கஞ்சிபோல் வெளிறுகிறது, மூத்திரம் அற்றுப்போகிறது. எண்வகைத் தேர்வின் எட்டு நிலைக்களன்களிலும் அந்நோய் தன்னைக் காட்டிவிடுகிறது. கொள்ளைநோய்க் காலத்தில் ஊர்களுக்குச் சென்ற மாணவர், தம் மரபில் அறிந்திருந்த பெயர்களைக் கொண்டே புதிய மருத்துவத்தின் குறிகளைக் கண்டுகொள்ள முடிந்திருக்கும். சித்த மருத்துவத்தின் கோட்பாட்டைக் கிறீன் ஏற்கவில்லை. எனினும், உடலைப் பற்றித் தமிழர் முன்னரே பெற்றிருந்த சொல்வளம் அவருடைய வகுப்பிற்குத் துணையாயிற்று.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

முதற்பணிக்காலம் பத்தாண்டுகளாக நீடித்தது. அதனுள்ளேயே கிறீன் தமிழை நன்கு கற்றுத் தமிழில் மருத்துவ நூல்களை உருவாக்கும் முயற்சியில் இறங்கினார். 1850களின் இறுதியில் தாயகம் சென்று, 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து, அவரோடு மீண்டும் யாழ்ப்பாணம் திரும்பினார். இரண்டாம் பணிக்காலத்தில், 1864 முதல், மருத்துவக் கல்வி முழுமையாகத் தமிழ்வழிக்கு மாறியது.

இம்மாற்றத்திற்குக் காரணங்கள் பல. மிசனின் தலைமை ஆங்கிலவழிக் கல்வியைச் சுருக்கித் தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தியது. வட்டுக்கோட்டைக் குருமடம் 1855இல் மூடப்பட்டதும் அதன் விளைவே. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர் அரசுப்பணியையும் வெளியூர் வாய்ப்பையும் நாடிச் சென்றனர். கற்பித்ததன் பயன் சிற்றூர்களுக்குச் சேரவில்லை. இவ்விரண்டும் ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியவை. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் கருதவேண்டும். ஆங்கிலத்தில் நோயைக் கற்ற மாணவர், தமிழ்பேசும் நோயாளியின் முன்னே ஒவ்வொரு முறையும் மனத்துள் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கற்ற சொல்லும் கேட்ட சொல்லும் ஒன்றாகும்போது பரிசோதனை விரைவும் திருத்தமும் பெறும். கிறீன் தம் மாணவர்கள் மேலை உடைக்கும் வாழ்க்கைமுறைக்கும் மாறாமல், தம் ஊராரோடு ஒத்த உடையிலும் பழக்கத்திலும் இருக்கவேண்டும் என விரும்பினார் என்பதும் இதனோடு பொருந்துகிறது. நோயாளி அஞ்சாமல் உடலைக் காட்டவும் மறைக்காமல் நோவைச் சொல்லவும், எதிரில் இருப்பவர் தம்மவராகத் தோன்றுதல் வேண்டும்.

இந்தியாவிலும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்தன. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1852இல் வங்காளமொழி வகுப்பு தொடங்கப்பட்டது. அது அரசின் ஆதரவில் பெருநகரில் எழுந்தது. மானிப்பாய் முயற்சியோ சிற்றூர் ஒன்றில், ஓர் ஆசிரியரும் அவர்தம் பழைய மாணவர் சிலரும் சேர்ந்து நடத்தியது. கிறீனிடம் மருத்துவம் பயின்றோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்; அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்வழியில் பயின்றவர்.

நூல்கள் வெளிவந்த வரிசை

கிறீன் தாமும் தம் மாணவர் துணைகொண்டும் உருவாக்கிய நூல்கள் பின்வரும் வரிசையில் அமைகின்றன. கட்டரின் நூலைத் தழுவிய அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் 1850களில் வெளிவந்தது. மோன்செலின் நூலைத் தழுவிய பிரசவ வைத்தியம் 1857இலும், துருயிற்றின் நூலைத் தழுவிய இரண வைத்தியம் 1867இலும் வெளிவந்தன. கிறேயின் உடலமைப்பியலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதமும், ஹூப்பரின் கையேட்டைத் தழுவிய வைத்தியாகரமும் 1872இல் அச்சேறின. வெல்சின் வேதியியல் நூல் கெமிஸ்தம் என்னும் பெயரில் 1875இலும், டால்டனின் உடலியங்கியல் மனுஷ சுகரணம் என்னும் பெயரில் 1883இலும் வந்தன. மருந்துப் பொருள்களைப் பற்றிய இந்து பதார்த்த சாரம் 1880களில் நிறைவுற்றது. சாப்மன், டான்ஃபர்த் முதலிய பழைய மாணவர்கள் இப்பணியில் பெரும்பங்கு கொண்டனர். மாணவராய்க் கற்றவர் மொழிபெயர்ப்பாளராகவும், பின்னர் ஆசிரியராகவும் உயர்ந்தனர்.

ஒரு கல்லூரியின் பாடத்திட்டத்தை முன்வைத்து மொழிபெயர்த்திருந்தால், வேதியியலும் விரிவான உடலியங்கியலும் முன்னே வந்து, மருத்துவமும் அறுவையும் மகப்பேறும் பின்னே வந்திருக்கும். கிறீனின் வரிசை அதற்கு மாறானது. முதலில் உடலமைப்பும் இயக்கமும் நலவாழ்வும் பற்றிய சுருக்கமான அறிமுகம். கட்டரின் மூலநூல் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் எழுதப்பட்ட எளிய நூல் என்பது கருதத்தக்கது. அடுத்து மகப்பேறு; அதனை அடுத்து அறுவை. காலம் தாழ்த்த இயலாத இரு துறைகள் இவை. பின்னரே முழுமையான உடலமைப்பியலும் பொது மருத்துவமும். வேதியியலும் விரிவான உடலியங்கியலும் இறுதியில். படுக்கையோரத்தில் உடனே வேண்டியது முதலிலும், அதற்குக் காரணம் கூறுவது பின்னருமாக இவ்வரிசை அமைந்திருப்பது தற்செயலன்று எனக் கொள்ளலாம்.

பிரசவ வைத்தியம் முன்னதாக வெளிவந்ததற்கு வேறொரு பொருளும் உண்டு. கிறீனின் மாணவர் அனைவரும் ஆடவர். மகப்பேறு அக்காலத்தில் மருத்துவிச்சியரின் கையில் இருந்தது. ஆண் மருத்துவர் பெண்ணின் உடலைத் தொட்டுப் பரிசோதிப்பதற்குச் சமூகம் எளிதில் இசையவில்லை. தொட்டறிய முடியாத இடத்தில் கேட்டறிதலே மருத்துவரின் கருவி. வீட்டிலுள்ள மூத்த பெண்டிரிடமும் மருத்துவிச்சியிடமும் தெளிவாகக் கேட்டு அறிவதற்குத் தமிழ்ச் சொற்கள் இன்றியமையாதவை. அந்நூலின் தேவையை இப்பின்னணியில் வைத்தும் காண இடமுண்டு.

கலைச்சொல்லும் செவிப்பயிற்சியும்

கிறீன் தம் நூல்களுக்குத் துணையாகக் கலைச்சொல் தொகுதிகளையும் உருவாக்கினார். தமிழில் வழங்கும் சொல் இருப்பின் அதனைக் கொள்ளுதல், இல்லையேல் வடமொழியிலிருந்து ஆக்கிக்கொள்ளுதல், அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல் என்பது அவர் கைக்கொண்ட நெறி. அங்காதிபாதம், சுகரணம் முதலியன இரண்டாம் வகை. கெமிஸ்தம் மூன்றாம் வகை. இவற்றின் வடமொழிச் சார்பைப் பிற்காலத்துத் தனித்தமிழ் நோக்கிலிருந்து குறைகூறுதல் எளிது. ஆனால் அக்காலக் கற்றோர் வழக்கு அத்தகையது. நூற்பெயர்களும் துறைப்பெயர்களும் வடமொழிச் சாயல் கொண்டிருப்பினும், நோயாளியிடம் பேசும் தளத்தில் வழக்குச்சொல்லே முதலில் கொள்ளப்பட வேண்டும் என்பதை அந்நெறியின் முதற்படி உறுதிசெய்கிறது. மருத்துவரோடு மருத்துவர் பேசும் சொல் ஒன்று, மருத்துவர் நோயாளியோடு பேசும் சொல் மற்றொன்று என்னும் இருநிலைகளை அது ஒரே மொழிக்குள் இணைத்தது.

கேட்டறிதல் பயிற்சியில் இதன் பயன் வெளிப்படையானது. மார்பின் ஓசைகளைச் சொற்களால் விளக்குவது எம்மொழியிலும் அரிது. லேனெக்கே தாம் கேட்ட ஓசை ஒன்றை, சூடேறிய கலத்தில் உப்பு வெடிக்கும் ஓசைக்கு ஒப்பிட்டே விளக்கினார். ஆசிரியர் கேட்ட ஓசையைத்தான் மாணவரும் கேட்கிறாரா என்பதை அறிய, இருவருக்கும் பழகிய உவமை வேண்டும். கரகரப்பு, மொறுமொறுப்பு, இழுப்பு, சீழ்க்கை, குறுகுறுப்பு எனத் தமிழின் ஒலிக்குறிப்புச் சொற்கள் இதற்கு வாய்ப்பான கருவிகள். தட்டியறியும்போது காற்றுள்ள இடம் கணீரென ஒலிப்பதும், நீர் கோத்த இடம் மந்தமாய்ப் பொத்தென ஒலிப்பதும், மத்தளத்தையும் நிறைகுடத்தையும் தட்டிப் பழகிய செவிக்கு உடனே புலனாகும். உடற்பரிசோதனை கைவழிப்பட்ட திறன் எனினும், அதனை ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கொண்டுசெல்வது மொழியே.

தாயகம் திரும்பலும் இறுதிக்காலமும்

உடல்நலம் குன்றிய கிறீன் 1873இல் குடும்பத்தோடு தாயகம் திரும்பினார். ஊஸ்டரின் கிறீன்ஹில்லில் வாழ்ந்த எஞ்சிய பதினொரு ஆண்டுகளிலும் தமிழ்ப்பணியை அவர் கைவிடவில்லை. கெமிஸ்தம், மனுஷ சுகரணம், இந்து பதார்த்த சாரம் ஆகியன இக்காலத்தில் நிறைவேறியவை. கடல்கடந்து கையெழுத்துப்படிகள் சென்றுவந்தன. நோயாளியும் வகுப்பும் இல்லாத இடத்திலிருந்து, தாம் விட்டுவந்த வகுப்பிற்காக அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

1884 மே 28 அன்று கிறீன் காலமானார். ஊஸ்டர் நகரின் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்ற அடையாளமே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. அவருடைய கடிதங்களும் வாழ்க்கைக் குறிப்புகளும் 1891இல் நூலாயின. மானிப்பாயில் எழுந்த மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிறீன்ஹில் நிலம் பின்னாளில் ஊஸ்டர் நகருக்கு வழங்கப்பெற்றுப் பொதுப்பூங்காவாயிற்று.

வகுப்பின் முடிவும் பின்னாளும்

கிறீன் நீங்கிய பின் அவருடைய மாணவர்கள் சில ஆண்டுகள் வகுப்பை நடத்தினர். நெடுங்காலம் அது நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலவழியில் தொடங்கப்பெற்றிருந்தது. அரசின் ஏற்பும் ஊதியமும் ஆங்கிலச் சான்றிதழுக்கே கிட்டின. தமிழ்வழியில் கற்றவர் திறனில் குறைந்தவர் என்பதால் அவ்வகுப்பு நலியவில்லை. அத்திறனை ஏற்று மதிப்பளிக்கும் நிறுவனம் தமிழுக்கு இல்லாததே காரணம்.

தமிழகத்தில் அத்தகைய நிறுவனங்கள் பிற்காலத்தில் எழுந்தன. சிவகங்கை மாவட்டத்துச் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் 1881இல் பிறந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார், 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவித் தமிழாராய்ச்சிக்கு நிலையான இடம் அமைத்தார். அப்பல்கலைக்கழகத்தில் 1985இல் அவர்தம் மகனார் ராஜா முத்தையா செட்டியார் பெயரில் மருத்துவக் கல்லூரியும் தோன்றியது. சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி 2012இல் தொடங்கப்பட்டது. கிறீனுக்குக் கிட்டாத பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் இன்று உண்டு. ஆயினும் மருத்துவமும் செவிலியமும் ஆங்கிலவழியிலேயே பயிலப்பெறுகின்றன. கானாடுகாத்தானிலிருந்தோ அதனை அடுத்த சிற்றூர்களிலிருந்தோ வரும் முதியவர், காலில் மதமதப்பு என்றோ அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கிறது என்றோ சொல்லும்போது, மாணவர் அதனை ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக்கி எழுதுகிறார். அம்மாற்றத்தில் இழக்கப்படும் நுண்பொருளைக் கற்பிக்கும் பாடம் தனியே இல்லை.

நிறைவுரை

கிறீனின் வாழ்விலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவதாக, அவருடைய மொழிபெயர்ப்புகள் தமிழுக்கு அறிவியல் கொண்டுவரும் பொதுநோக்கில் மட்டும் எழுந்தவை அல்ல. மருந்தகத்தில் நோயாளியின் முன் நின்ற மாணவரின் தேவையும் அவற்றை உந்தியது. இரண்டாவதாக, அந்நூல்களின் வரிசையில் கோட்பாட்டிற்கு முன்னே செயல்முறை இடம்பெற்றிருப்பது இதற்குச் சான்றாகிறது. மூன்றாவதாக, புதிய பரிசோதனை முறை ஒன்று மக்களிடையே வேரூன்ற, அவர்கள் தம் உடலைப் பற்றி முன்னரே கொண்டிருந்த சொற்களை அது ஏற்கவேண்டியிருந்தது.

இம்முடிவுகள் தமிழ் ஆய்வாளருக்குப் புதிய பணி ஒன்றைச் சுட்டுகின்றன. கிறீனின் கலைச்சொற்களில் எவை வடமொழி, எவை தமிழ் எனப் பகுத்துக் காண்பதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. நோவையும் வீக்கத்தையும் மூச்சையும் ஓசையையும் குறிக்க அந்நூல்கள் ஆளும் வழக்குச்சொற்களைத் தனியே தொகுத்து, அவற்றை எண்வகைத் தேர்வு நூல்களின் சொற்களோடும் இன்று செட்டிநாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பிற வட்டாரங்களிலும் நோயாளர் வழங்கும் சொற்களோடும் ஒப்பிடுதல் வேண்டும். அத்தகைய தொகுப்பு, சொல்வரலாற்றிற்கு உதவுவதோடு, படுக்கையோரத்தில் முதன்முறையாக ஒரு நோயாளியின் கையைத் தொட்டு நாடி பார்க்கும் செவிலிய மாணவருக்கும் மருத்துவ மாணவருக்கும் கேட்கத்தகும் வினாக்களைத் தரும்.